அரை நூல் செய்த வேலை: 18 இன்ச் டெலஸ்கோபிக் சேனல், 14 மாதம் கழித்து

சமையலறைக்கு நானே கொட்டகையில் வைத்துச் செய்த மூன்றடுக்கு டிராயர் பெட்டியில், டிராயர் ஓடும் தண்டவாளமாக 18 இன்ச் பால் பேரிங் சேனல் போட்டு 14 மாதம் ஆகிறது. மாட்டிய அன்று ராத்திரியே இதை எழுதியிருந்தால் ஐந்துக்கு ஒன்று போட்டிருப்பேன். சேனலைக் கழற்றிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை போடவும் தயாராகத்தான் இருந்தேன். நல்லவேளை, மறுநாள் கடை விடுமுறை. தப்பு சேனலில் இல்லை, என் கணக்கில் இருந்தது. அதனால் இதில் பாதி சேனலைப் பற்றி, மீதிப் பாதி அதை மாட்டுவதைப் பற்றி.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் 22 வருஷம் ரிங் ஃபிரேம், அதாவது நூல் நூற்கும் மெஷின், பராமரிப்பு. இரும்பு, பேரிங், கிரீஸ் எல்லாம் கைக்குப் பழக்கம். மரம் புதுசு. இப்போது தூத்துக்குடியில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, ஒரு ட்ரில், ஒரு கையில் பிடிக்கும் ரம்ப மெஷின், நாலைந்து கிளாம்ப் வைத்துக்கொண்டு ஏதாவது செய்துகொண்டிருப்பேன். மாடுலர் கிச்சன்காரர்கள் சொன்ன தொகையைக் கேட்ட பிறகு, கீழ் அலமாரிகளை நானே செய்கிறேன் என்று வீட்டில் வாய் விட்டுவிட்டேன். வேறு வழியில்லை.

சேனல் வாங்கப் போனால் கடையில் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள். வெள்ளை பெயின்ட் அடித்து, முனையில் பிளாஸ்டிக் சக்கரம் வைத்த ரோலர் சேனல் ஒன்று. விலை குறைவு, ஆனால் டிராயர் முக்கால்வாசிதான் வெளியே வரும். பின்னால் இருக்கும் கருப்பட்டி டப்பாவை எடுக்க மணிக்கட்டை வளைத்து உள்ளே கை விட வேண்டும். இரண்டாவது, நான் வாங்கிய பால் பேரிங் டெலஸ்கோபிக். மூன்று தகடு ஒன்றுக்குள் ஒன்று ஓடும், டிராயர் முழுசாக வெளியே வந்துவிடும். மூன்றாவது, டிராயருக்கு அடியில் மறைந்து ஓடும் வகை. இதற்கு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கடையில் டேன்டம் என்றே பெயர். உண்மையில் டேன்டம் என்பது ஆஸ்திரியாவில் உள்ள புளூம் கம்பெனியின் சரக்குப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பெயர் ஆகிவிட்டது. பார்க்க அழகு, ஓட்டமும் வெண்ணெய். விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

எந்தக் கம்பெனி வாங்கினாய் என்று கேட்பீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஹெட்டிச், எப்கோ என்று பெரிய பெயர்களும் இருக்கின்றன, பெயரே அச்சடிக்காத பாலிதீன் உறை சேனலும் இருக்கிறது. இந்த வகையில் பெரும்பாலும் எல்லாமே ஒரே அளவுதான்: உயரம் 45 எம்.எம்., கனம் 12.7 எம்.எம்., அதாவது அரை இன்ச். ஒரு கம்பெனி சேனல் போனால் அந்த இடத்தில் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். நான் வாங்கியது நடுத்தர ரகம், ஜோடி 430 ரூபாய். சேனல் வந்த பெட்டியில் 45 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது.

கடையிலேயே பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். முழுசாக இழுத்து, படுக்கை வாட்டத்தில் பிடித்து மேலும் கீழும் லேசாக ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. மெதுவாக உள்ளே தள்ளும்போது விரலில் ஒரு இடத்தில்கூடக் கரகரப்பு தட்டக் கூடாது. எனக்குக் கொடுத்த ஆறு துண்டில் ஒன்று நடுவில் தட்டியது. மாற்றிக் கேட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். அப்புறம் கையில் எடை பாருங்கள். என் ஜோடி வீட்டுத் தராசில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதே நீளத்தில் உறைச் சேனல் கையில் எடுத்தபோதே அப்பளம் மாதிரி இருந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். பெட்டியின் வெளி அகலம் 600. இரண்டு பக்கமும் 18 எம்.எம். பிளைவுட். அடிப்பலகையை 564க்கு அறுத்து நடுவில் வைத்தேன், ஆக உள் அகலம் 564. பக்கத்துக்கு 12.7 வீதம் இரண்டு சேனலுக்கு 25.4 வேண்டும். கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று 26 கழித்து, டிராயரின் வெளி அகலம் 538 என்று வைத்தேன். டிராயர் பக்கப் பலகை 12 எம்.எம். பிளைவுட் என்று பெயர். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 11.6தான் இருந்தது. அதையும் கணக்கில் சேர்த்து முன் பின் பலகைகளை அறுத்தேன். கூட்டிப் பார்த்தால் மூன்று டிராயரும் அச்சாக 538. மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தேன், ஒரு எம்.எம். வித்தியாசம் இல்லை. மீசையை முறுக்காத குறை.

அதற்குப் பிறகு பெட்டிக்கு உள்ளே மைக்கா, அதாவது பலகை மேல் ஒட்டும் சன்மைக்கா, ஒட்டினேன். உள்பக்கத்துக்கு என்று விற்கும் மெல்லிய வெள்ளை மைக்கா, 0.8 எம்.எம். ஃபெவிகால் தடவி, ஒட்டி, கிளாம்ப் போட்டு, ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் சேனலை ஸ்க்ரூ பண்ணி டிராயரைச் செருகினேன்.

பாதி போனது, நின்றது. தள்ளினேன். இன்னும் நாலு விரல் போனது. பின்னால் இழுத்தால் வர மாட்டேன் என்கிறது. பலமாக இழுத்தால் நற நற என்று ஒரு சத்தம். ரிங் ஃபிரேமில் பேரிங் சிக்கினால் வரும் அதே சத்தம். இரண்டாவது டிராயரும் அப்படியே. மூன்றாவதைச் செருகவே இல்லை. சேனல் மட்டமான சரக்கு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் மனைவியும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதைத் திறக்க ஆள் போடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் தெருவில் ஒரு ஆசாரி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், இப்போது வேலைக்குப் போவதில்லை. சாயங்காலம் டீக்கடைக்குப் போகிற வழியில் கொட்டகையில் தலையை நீட்டினார். நான் புலம்பியதை முழுசாகக் கேட்டார். சேனலைத் தொடவே இல்லை. பெட்டியின் உள்சுவரைக் கட்டை விரலால் தடவிவிட்டுக் கேட்டார்:

"மைக்கா ஒட்டினீரே வே, அதுக்கு அரை நூல் விட்டீரா?"

விடவில்லை.

மர வேலை தெரியாதவர்களுக்கு: ஆசாரிமார் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். அரை நூல் என்றால் இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு, 1.6 எம்.எம். இரண்டு பக்கமும் 0.8 மைக்கா ஒட்டினால் கூட்டு 1.6. கிழவர் விரலால் தடவிச் சொன்ன அளவும் என் வெர்னியர் காட்டிய அளவும் ஒன்று. 564 இருந்த உள் அகலம் 562.4 ஆகிவிட்டது. டிராயர் 538. மிச்சம் 24.4. சேனலுக்கு வேண்டியது 25.4. ஒரு எம்.எம். பற்றாக்குறையில் சேனலுக்குள் ஓடும் பேரிங் குண்டுகளை இரண்டு பக்கமும் போட்டு நெரித்திருக்கிறேன். 22 வருஷம் நூலோடு குடும்பம் நடத்தியவன் அரை நூலில் கவிழ்ந்த கதை இதுதான்.

"டிராயரை இழைச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். 12 எம்.எம். பலகையை இழைத்தால் மேல் அடுக்கு பிய்ந்துவிடும், பார்க்கவும் அசிங்கம் என்றார். அவர் சொன்ன வழி வேறு. சேனல் உட்காரும் இடத்தில் மட்டும் மைக்காவைப் பட்டையாக உரித்து எடு, அவ்வளவுதான்.

ஒட்டி ஒரு நாள் ஆன மைக்காவை உரிப்பதா? அதற்கும் வழி வைத்திருந்தார்: இஸ்திரிப் பெட்டி. சேனலைக் கழற்றிவிட்டு, 50 எம்.எம். அகலத்துக்கு இரண்டு கோடு போட்டேன். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மைக்கா கட்டரால் ஒரே கோட்டில் ஏழெட்டு முறை இழுத்தேன். வெள்ளை போய் உள்ளே பழுப்பு தெரிந்து, கடைசியில் கத்தி மரத்தைத் தொடும்போது இழுவை மாறுவது கையில் தெரியும். பிறகு பழைய வேட்டித் துணியை மடித்து மேலே வைத்து, இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கு வைக்கும் சூட்டில் ஒரு நிமிஷம் அழுத்தினேன். வெள்ளை ஃபெவிகால் சூட்டுக்கு இளகும். முனையில் பட்டித் தகட்டைக் கொடுத்து நெம்பினால் மைக்கா மெதுவாக எழுந்து வந்தது, வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி. முதல் பட்டை மூன்று துண்டாக உடைந்தது. நாலாவது பட்டை முழு நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தபோது ஆசாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எப்போதோ டீ குடிக்கப் போயிருந்தார். அடியில் இருந்த பசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, சேனலைப் பழைய ஓட்டைகளிலேயே மாட்டினேன். மறுபடியும் 26.

டிராயரைச் செருகி ஒரு விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய், டப் என்று ரப்பரில் முட்டி நின்றது. உரித்த இடத்தை சேனலே மறைத்துவிடுகிறது. குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும்.

அதனால் இந்தச் சேனலை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, மைக்கா ஒட்டி முடித்த பிறகு உள் அகலத்தை அளந்து, அதற்குப் பிறகு டிராயர் பலகையை அறுங்கள். டிராயரின் வெளிப்பக்கத்திலும் மைக்கா ஒட்டுவதாக இருந்தால் அதற்கு இன்னொரு அரை நூல் போகும். சந்தேகமாக இருந்தால் டிராயரை ஒரு எம்.எம். சின்னதாகவே செய்யுங்கள். இடைவெளி கூடிப்போனால் சேனலுக்குப் பின்னால் மைக்காத் துண்டை வைத்து அடைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் என்னைப் போல இஸ்திரிப் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

மாட்டும் விதத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சேனலை மட்டமாக வைக்க ரசமட்டம் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட வேண்டியதே இல்லை. வெட்டி மிஞ்சிய பிளைவுட்டில் ஒரு துண்டை, மேல் டிராயர் சேனல் எந்த உயரத்தில் வர வேண்டுமோ அந்த உயரத்துக்கு அறுத்து, பெட்டிக்குள் நிறுத்தி, அதன் தலைமேல் சேனலை உட்கார வைத்து ஸ்க்ரூ போட்டேன். அதே துண்டை எதிர்ப்பக்கம் நிறுத்தி அங்கேயும். இரண்டு பக்கமும் ஒரே கட்டை என்பதால் உயரம் மாற வழியே இல்லை. அப்புறம் அந்தக் கட்டையையே நடு டிராயர் உயரத்துக்கு அறுத்துக் குட்டையாக்கி அடுத்த ஜோடி. அடி டிராயருக்கு இன்னும் ஒரு அறுப்பு. மேலிருந்து கீழே வர வேண்டும், கீழிருந்து ஆரம்பித்தால் மூன்று கட்டை வேண்டும். சேனலின் முன் முனை பெட்டியின் விளிம்பிலிருந்து 3 எம்.எம். உள்ளே. இரண்டு பக்கமும் அது சமமாக இல்லாவிட்டால் டிராயர் கோணலாக மூடும்.

சேனலில் நீள ஓட்டையும் இருக்கும், வட்ட ஓட்டையும் இருக்கும். முதலில் நீள ஓட்டையில் மட்டும் போட்டு, டிராயரைச் செருகி ஓட்டிப் பார்த்து, மேலே கீழே நகர்த்திச் சரிசெய்து, கடைசியாகத்தான் வட்ட ஓட்டையைத் தொட வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் முதலிலேயே முடுக்கிவிட்டால் திருத்த இடம் இருக்காது.

ஸ்க்ரூ பற்றி ஒரு வயிற்றெரிச்சல். என் சேனல் பெட்டிக்குள் ஒரு சின்ன உறையில் ஸ்க்ரூ இருந்தது, எல்லாம் 16 எம்.எம். 18 எம்.எம். பக்கச் சுவருக்கு அது சரி. அதையே டிராயர் பக்கத்தில் போட்டால்? பலகை 11.6. முனை மறுபக்கம் மூன்று எம்.எம்.முக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஒன்று போட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன், அதுவும் விரலில் கீறிய பிறகு. டிராயருக்கு அரை இன்ச் ஸ்க்ரூ தனியாக வாங்குங்கள், தலை மெல்லிசாக இருக்கட்டும். தலை தடியாக இருந்தால் நடுத்தகடு ஓடும்போது அதில் உரசும். உறையில் வந்த ஸ்க்ரூவின் ஸ்டார் வாய் வேறு இரண்டு சுற்றிலேயே மழுங்கிவிடுகிறது. 430 ரூபாய்ச் சாமானில் பத்து ரூபாய் ஸ்க்ரூவுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது ஏன் என்று புரியவில்லை. ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

டிராயரைக் கழற்ற உள்ளே இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. ஒன்றை மேலே தூக்க வேண்டும், மற்றதைக் கீழே அழுத்த வேண்டும். இடமும் வலமும் ஒரே துண்டுதான், திருப்பி மாட்டியிருப்பதால் அப்படி. இது தெரியாமல் இரண்டையும் மேலே தூக்கி மல்லுக்கட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். திரும்பச் செருகும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும்: பெட்டியில் இருக்கும் சேனலுக்குள் குண்டுகள் கோத்த தகடு பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். அதை விரலால் முன்முனைக்கு இழுத்து வைத்துவிட்டு, டிராயரின் இரண்டு தகட்டையும் ஒரே நேரத்தில் நேராக விட வேண்டும். கோணலாக முட்டினால் அந்தத் தகடு நசுங்கிக் குண்டு கொட்டிவிடும். ஒரு குண்டு கொட்டிவிட்டால் அந்தச் சேனல் பழைய இரும்புக்குத்தான். செருகிய பின் முதல் தள்ளலில் கடைசியில் கொஞ்சம் இறுக்கும். பயப்படாமல் முழுசாகத் தள்ளிவிட்டால் அது தன் இடத்துக்குப் போய்விடும்.

இன்னொரு தப்பும் செய்தேன். டிராயர் மாட்டியிருக்கும்போதே முகப்புப் பலகையில் ஹேண்டிலுக்கு ட்ரில் போட்டேன். மரத்தூள் பறந்து சேனல் கிரீஸில் உட்கார்ந்து ஒரு வாரத்தில் ஓட்டம் கரகரவென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்ப்ரே ஆயில் அடிக்கலாம் என்று டப்பாவோடு வந்தார். வேண்டாம் என்றேன், அது இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், அப்புறம் தூசிதான் சேரும். துணி சுற்றிய குச்சியால் பழையதைத் துடைத்து எடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் நகக்கண் அளவு தடவினேன். இது மட்டும் என் பழைய தொழில், கைக்குத் தானாக வந்தது.

14 மாதத்தில் எப்படி இருக்கிறது? அடி டிராயரில் 25 கிலோ அரிசி மூட்டையை அப்படியே வைத்து முழுசாக இழுத்துப் பார்த்தேன். முன்பக்கம் 3 எம்.எம். தாழ்ந்தது, உள்ளே தள்ளியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. 45 கிலோ என்று போட்டிருப்பது ஒரு ஜோடிக்கு, அதுவும் சுமை டிராயர் முழுக்கப் பரவி இருந்தால். திறந்த டிராயரின் முனையில் பேரன் ஏறி உட்கார்ந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எங்கள் வீட்டில் ஏறினான். சேனல் தப்பியது, முகப்புப் பலகையின் ஸ்க்ரூ ஒன்று பிடுங்கிக்கொண்டது.

கடல் காற்று இன்னொரு விஷயம். சேனலில் துத்தநாகப் பூச்சுதான். மேல் இரண்டு டிராயரிலும் ஒன்றும் இல்லை. சிங்க்கை ஒட்டிய பக்கத்தில், அடி டிராயர் சேனலில் மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி பூத்திருக்கிறது. அந்த டிராயரில்தான் கல் உப்பு ஜாடியும் கருவாட்டு டப்பாவும் இருக்கின்றன, சேனலை மட்டும் குறை சொல்ல முடியாது. பூச்சு கரைகிறது, இரும்பு இன்னும் சிவக்கவில்லை. எங்களைப் போலக் கடலோர ஊர்க்காரர்கள் சிங்க் பக்கத்துக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேனல் கேட்டு வாங்குங்கள்.

சோதனைக்கு என்று மேல் டிராயருக்கு மட்டும் ஆறு மாதம் முன்பு சாஃப்ட் குளோஸ் ஜோடி மாற்றினேன், 1,150 ரூபாய். கடைசி இரண்டு இன்ச் தூரத்தில் தானாகப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொள்கிறது. கரண்டி டிராயர் என்பதால் ராத்திரி சத்தம் போச்சு. ஆனால் திறக்கும்போது முதலில் ஒரு வெடுக் வேண்டும். ஈரக் கையால் ஒரு விரல் போட்டு இழுத்த பழக்கத்துக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்க சேனலும் முன் பின்னாக ஒரு எம்.எம். மாறினாலும் ஒரு பக்கம் முதலில் பிடிக்கும், மறுபக்கம் க்ளக் என்று பிறகு பிடிக்கும். அதைச் சரிசெய்ய ஒரு மத்தியானம் போனது. மற்ற இரண்டுக்கும் மாற்றப் போவதில்லை. இரண்டரை மடங்கு காசு கொடுத்து அரிசி மூட்டையைத் தாலாட்ட வேண்டியதில்லை.

சாதாரண பால் பேரிங் சேனலுக்கு ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று ஸ்க்ரூவுக்கு.

போன வாரம் மகளின் படிப்பு மேசைக்கு இன்னும் இரண்டு ஜோடி வாங்கினேன், 16 இன்ச். மைக்காவை முதலில் ஒட்டிவிட்டுத்தான் அளந்தேன். டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆசாரி நின்றார். பெட்டியின் உள்சுவரைத் தடவினார். "ஒட்டியாச்சா? சரி, அறும்" என்றுவிட்டு டீக்கடைக்கு நடந்தார்.